புத்தகம்: குமாரதாஸ்

குழித்துறை
4.8.2025

அன்புள்ள மக்கா குமாரதாஸ்,

இங்கே மழையும் நாங்களும் சுகம். போனில் என்னை நீ பிளாக் செய்துவிட்டதால் தபால்காரரை நம்பி எழுதுகிறேன்.

சபை ஆண்டு விழாவுக்கு நம்முடைய பைபிள் கதை ‘யோனா’ இசை நாடகத்தை மறுபடி போடுகிறோம். இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. இயக்குவது என் மகள் சிந்தியா. சென்னையில் நாடகம் படித்தவள், ஆளுக்கொரு வேலை பிரித்துவிட்டாள். பாடகர் குழுவைப் பழக்கி நடத்த ஜெமி என்று ஒருவர். ஆட்டம் அமைக்க ஒருத்தி. திரையும் விளக்கும் எப்போது என்று ஓரத்தில் நின்று சொல்ல ஒரு மேடை மேலாளர்.

பாட்டுகள் எல்லாருக்கும் மனப்பாடம். நடுவே உள்ள பேச்சுதான் ஒருவருக்கும் ஞாபகமில்லை. நேற்று ஒத்திகையில் யோனா கப்பலில் நின்று பாடினான். அடுத்த பாட்டில் மீன் வயிற்றில் இருந்தான். “எப்படிப்பா விழுந்தான்?” என்று சிந்தியா கேட்டாள். நீ எழுதிய நோட்டு உன்னிடம் மட்டும்தான் உண்டு. தருவியா?

உன்
ஷாஜன்

*

நெய்யூர்
9.8.2025

திரு. ஷாஜன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. இப்போதைக்குத் தருவதாக இல்லை.

2003-ஆம் வருஷத்து நோட்டீஸ் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடக்கிறது. ‘இசை: ஷாஜன்’ என்று பெரிய எழுத்தில். கீழே, பொடி எழுத்தில், ‘புத்தகம்: குமாரதாஸ்’. ‘கதை, வசனம்’ என்று ஊருக்கே தெரிந்த சொல் இருக்கும்போது, இங்கிலீஷ்காரன் ‘புக்’ என்று சொல்வதை அப்படியே தமிழாக்கி அச்சடித்தீர்கள்.

அன்று சபைச் செயலர் பாட்டுப் புத்தகக் கட்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். “புத்தகம் நீருதானே சாரே? நோட்டீசுல போட்டிருக்கே. வாசல்ல நின்னு ஆளுக்கொண்ணு கொடும்.” கட்டோடு வாசலில் போய் நின்றேன். “எனக்கு ரெண்டு தாரும், வீட்டுல பிள்ளைகளும் உண்டு” என்று ஒரு அம்மாள் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது உள்ளே கப்பல் காட்சி. மூன்று மாதம் உட்கார்ந்து எழுதிய காட்சி. எனக்குக் கேட்டது கைத்தட்டல் மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் இன்றைக்கும் நான் ‘புக்கு சார்’.

கேட்பது இரண்டு. கதை, வசனம், பாடல் வரிகள் என்று மூன்றும் எழுதிய என் பெயர், உங்கள் பெயரின் அளவிலேயே. மூன்றாம் வரிசையில் ஒரு நாற்காலி. நோட்டீசின் புரூப்பைக் கண்ணால் பார்க்காமல் ஒரு பக்கமும் அனுப்ப மாட்டேன்.

இப்படிக்கு,
கு. குமாரதாஸ், எம்.ஏ., பி.எட்.

*

குழித்துறை
14.8.2025

மக்கா,

எம்.ஏ.யை எனக்கே எழுதிக் காட்டுவியா?

“மியூசிக்கல்ல பாட்டு போக மிச்சமுள்ள எழுத்துக்கு புக்குன்னுதான்லே பேரு” என்று டீக்கடையில் எனக்குப் பாடம் எடுத்தது நீதான். அச்சகத்தில் நான் அதைத் தமிழில் சொன்னேன். அது நம் இரண்டு பேருடைய முட்டாள்தனம்.

ஆனால் வேறொன்று உண்டு. செயலர் உன் கையில் புத்தகக் கட்டை வைத்ததைத் திரை இடுக்கு வழியாக நான் பார்த்தேன். ஓடி வந்து வாங்கியிருக்கலாம். நின்று சிரித்தேன். கடைசியில் என்னை மட்டும் மேடைக்குக் கூப்பிட்டு மாலை போட்டார்கள். மைக் என் கையில் இருந்தது. உன் பெயரைச் சொல்லவில்லை. அதற்கு எந்த மொழிபெயர்ப்பும் காரணமில்லை.

புரூப் இத்துடன் இருக்கிறது. எல்லாம் ஒரே அளவு எழுத்து.

கதை, வசனம், பாடல் வரிகள்: குமாரதாஸ்
இசை: ஷாஜன்
இயக்கம்: சிந்தியா
புத்தகம்: ஷாஜன்

கடைசி வரி அச்சுப் பிழை அல்ல. அன்று வாசலில் நான் நிற்பேன்.

ஷாஜன்

*

நெய்யூர்
18.8.2025

ஏலே ஷாஜன்,

நோட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ‘புக்’ என்று உனக்குச் சொல்லித் தந்தது நான்தான். அது எனக்கு மறந்துபோகவில்லை. யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

யோனா எப்படி விழுந்தான் என்பது பதினான்காம் பக்கத்தில். அவனை யாரும் தள்ளவில்லை. என்னைத் தூக்கிக் கடலில் போடுங்கள் என்று அவனே கேட்கிறான். அந்த இடத்தில் உன் இசை வேண்டாம் என்று சிந்தியாவிடம் சொல். பேச்சு மட்டும் கேட்கட்டும்.

கடைசி வரியை நான் வெட்டச் சொல்வேன் என்று நினைத்திருந்தால், மாட்டேன். அவ்வளவு பெரிய மனசு எனக்கில்லை. அது இருக்கட்டும். வாசலில் நில். ரெண்டு கேட்கிறவர்களுக்கு ரெண்டு கொடு.

கட்டு தீர்ந்ததும் உள்ளே வா. மூன்றாம் வரிசையில் என் பக்கத்து நாற்காலியில் ஒரு பாட்டுப் புத்தகம் போட்டு இடம் பிடித்திருப்பேன். அதை எடுத்துவிட்டு உட்கார். வாயைத் திறக்காதே. கப்பல் காட்சி ஓடிக்கொண்டிருக்கும். நான் அதை முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

குமாரதாஸ்