குரோட்டன்ஸ் ஏறிய மூட்டை வண்டிகள்

1961 மே 8, திங்கள்

கத்திரி வெயில். விழுப்புரத்திலிருந்து பாசஞ்சர் லேட். இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். வெளியே சொல்ல ஆளில்லை, அதனால் இங்கே.

திண்டிவனம் கடலையெண்ணெய் மில் வாசலில் அந்த அச்சு முறிந்த கட்டை வண்டி. பச்சைப் பெயின்ட், சக்கரத்துக்கு வெள்ளை. வண்டி நிறையச் செம்மண், அதில் கனகாம்பரம். பக்கத்தில் இடுப்பில் கை வைத்தபடி முதலாளியின் மாப்பிள்ளை, எங்கள் புது மேனேஜர். (இனி மா. முழுப்பெயர் எழுதப் பேனா வரவில்லை.)

"பெங்களூர்ல பங்களாவுக்குப் பங்களா இப்படித்தான் மிஸ்டர். எப்படி?"

நன்றாக இருக்கிறது என்றேன். உண்மையாகவே நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

அந்த மேனேஜர் நாற்காலி எனக்கு என்று முதலாளி தன் வாயால் சொன்னது. இப்போது அவர் பாண்டியில் ஓய்வு. சொன்னது மறந்துபோயிற்று. நான் பி.ஏ., கணக்கு எழுதுகிறேன். மா. இன்டர் பெயில்.

வாங்க: மை, தலைவலித் தைலம், குடைக்குக் கம்பி.

மே 10, புதன்

புழுக்கம். இரவெல்லாம் கரண்ட் இல்லை.

ஒரு வண்டி போதாதாம். வாசலுக்கு இரண்டு பக்கமும் வரிசையாக வேண்டுமாம். கிடங்கிலிருந்து அரவைக் கொட்டகைக்கு மல்லாட்டை மூட்டை தள்ளும் கைவண்டிகள் மொத்தமே நான்கு. உடைசல் இல்லை, ஓடுகிற வண்டிகள். அதில் இரண்டை இழுத்துப்போய், தண்ணீர் வடியத் தச்சரை விட்டுப் பலகையில் ஓட்டை. சக்கரத்துக்குச் செங்கல் முட்டு. மண், எரு, குரோட்டன்ஸ். மற்ற இரண்டுக்கும் அடுத்த வாரம் வியாழன் வருவதாகச் சொல்லிவிட்டுத் தச்சர் போனார். இப்போதைக்கு அவை பெயின்ட் காய நிற்கின்றன. தொடக்கூடாதாம்.

மூட்டை ஆட்களின் தலைக்கு ஏறியது. கிடங்குப் பக்கம் கேட்டது:

"இன்னாடா, வண்டிக்குப் பூ வெச்சிட்டாங்க. இனிமே நாம்பதான் வண்டியா?"

"நீயும் தலையில ஒரு செடிய நட்டுக்கினு நில்லு. வேளாவேளைக்குத் தண்ணியாவது ஊத்துவாங்க."

சிரித்தேன். பிறகு, நான் ஏன் சிரிக்க வேண்டும் என்று தோன்றியது.

மே 12, வெள்ளி

ஆரோக்கியசாமி விழுந்துவிட்டான்.

மூட்டைக்காரர்களில் மூத்தவன். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆனவன், பாரம் தூக்கக் கூடாது. அதனால்தான் அவனுக்கு எப்போதும் கைவண்டி. இன்று வேறு வழியில்லாமல் தோளில் ஏற்றினான். நாலடி போனதும் முட்டி மடங்கியது. மூட்டை பிரிந்து தரையெல்லாம் மல்லாட்டை. அந்த நிலையிலும் உட்கார்ந்து பொறுக்குகிறான்.

மா. வந்தார். "தூக்க முடிஞ்சா தூக்கு. முடியலேன்னா நின்னுக்கோ. இந்த வாரத்தோட சரி."

"எனக்கு வண்டியக் குடுங்கைய்யா, தள்ளிக்கினு போறேன். உக்கார வெச்சா சோறு போடச் சொல்றேன்?"

நான் வாயைத் திறந்தேன். ஓட்டை போடாத அந்த இரண்டு வண்டியையாவது விட்டுவிடலாமே என்றேன்.

"நீங்க கணக்கைப் பாருங்க மிஸ்டர்."

குமாஸ்தாக்கள் எதிரில். காது இன்னும் சுடுகிறது.

மே 13, சனி

அரை நாள் மில். தாம்பரம் வரை போகும் ஒரு கல்யாணக் கூட்டம் ஸ்டேஷன் முழுக்க.

மாலை, பாண்டிக்கு முதலாளிக்குக் கடிதம். முதலில் எழுதியது மூன்று பக்கம். நாற்காலி, என் படிப்பு, மா.வின் இங்கிலீஷ். வண்டி கடைசியில் இரண்டு வரி. கிழித்தேன்.

அடுத்தது ஒரு பக்கம். வண்டி, ஆரோக்கியசாமி, வரும் வியாழக்கிழமை போடப்போகும் ஓட்டை. கீழே முழுப்பெயர், பி.ஏ. கையெழுத்து அழகாக விழுந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டேன்.

மே 14, ஞாயிறு

காற்றே இல்லை. முருங்கைக்கீரை, மோர்.

கடிதத்தை மனைவி கமலாவிடம் காட்டினேன். படித்தாள். திருப்பிக் கொடுக்கவில்லை.

"எல்லாம் சரி. பேரை எதுக்குப் போட்டீங்க?"

பயந்தவன் என்று நினைத்தாயா என்றேன்.

"பயம் இல்லீங்க. உங்க பேரைப் பார்த்ததுமே, நாற்காலி போன வயித்தெரிச்சல்னு பெரியவரு மடிச்சி வெச்சிடுவாரு. மாப்பிள்ளைய விட்டுக் குடுப்பாரா? பேரு இல்லேன்னா யாருடா இதுன்னு கார் எடுத்துக்கினு வந்து பார்ப்பாரு. வந்தா வண்டி கண்ணுல படும்."

கோபம் வந்தது. படிக்காதவள் மாதிரி பேசாதே என்றேன். கேட்டுக்கொண்டு கீரையை ஆய்ந்தாள்.

"அந்த ஆளுக்கு வண்டி கெடைக்கணுமா, உங்களுக்கு நாற்காலி கெடைக்கணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

செருப்பை மாட்டினேன். கடைத்தெரு வரை நடந்தேன். வெற்றிலை கூட வாங்காமல் திரும்பினேன்.

மே 15, திங்கள்

விடியற்காலை இரண்டு தூறல், அவ்வளவுதான். மண் வாசனைக்குக் கூடக் காணாது.

பெயர் போடாவிட்டாலும் என் எழுத்து முதலாளிக்குத் தெரியும். கமலா உட்கார்ந்து தன் குண்டு எழுத்தில் நகல் எடுத்தாள். ஆரோக்கியசாமிக்குக் கைநாட்டுதான், அவன்மேல் சந்தேகம் போகாது. மா.வைப் பற்றி ஒரு வார்த்தையாவது சேர்க்கச் சொன்னேன். "வேணாம்" என்றாள். 'விசுவாசமுள்ள' என்று எழுதி, அதற்குக் கீழே எழுதப் போனவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

இந்த மில்லில் நான் எழுதியதிலேயே நேரான கடிதம் இதுதான். நான் எழுதியது என்று ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. கசக்கிறது. வியாழனுக்கு முன் அவர் வந்து பார்க்க, நாளைக்குள் பாண்டி போய்ச் சேர வேண்டும். பாசஞ்சர் ஏறுமுன் விழுப்புரம் ஸ்டேஷன் பெட்டியில் போட்டுவிடுகிறேன், பெயர் இல்லாமல்.