முதலாளிக்கு ஒரு மான்

அஜ்மான்
14.9.2024

அன்புள்ள தாமரைக்கு,

இங்கு நலம். நீயும் விஜியும் நலம்தானே? வாட்ஸாப்பில் என்னை பிளாக் செய்துவிட்டாய், அதனால் இமெயிலில் எழுதுகிறேன். எழுத்தில் வந்தால் உன் கோபம் கொஞ்சம் ஆறியே வரும் என்று ஒரு நம்பிக்கை.

ஓர் உதவி வேண்டும். எங்கள் முதலாளி அம்மையப்பன் சார் அமெரிக்காவுக்கு மான் வேட்டைக்குப் போக ஆசைப்படுகிறார். திருட்டு வேட்டை இல்லை. அங்கே அதற்கு சீசன் உண்டு, லைசென்ஸ் உண்டு. வெள்ளைவால் மான் என்று ஓர் இனமாம். அவருடைய துபாய் நண்பர் ஒருவர் அதன் தலையைப் பாடம் பண்ணி ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கிறார். அதைப் பார்த்த நாளிலிருந்து சார் நிம்மதியாக இல்லை. எந்த மாநிலத்தில், எந்தப் பகுதியில் போனால் நல்ல மான் கிடைக்கும் என்று விசாரிக்கும் பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறார்.

டெக்சாஸில் மாட்டு டாக்டராக இருக்கும் ஜெயசீலன் மச்சானைவிட இது யாருக்குத் தெரியும்? நான் கூப்பிட்டால் மச்சான் போனை எடுப்பதில்லை. நீதான் கேட்டுச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. நீங்கள் இருக்கும் பஹ்ரைனிலேயே சார் ஒரு கிளை திறக்கப்போகிறார். மேனேஜர் யார் என்று இன்னும் முடிவாகவில்லை. இந்தப் பயணம் நல்லபடியாக முடிந்தால் நாம் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கலாம். அதை மனதில் வைத்துக் கேள்.

விஜிக்கு என் முத்தங்கள்.

உன்
அன்பரசன்

*

ஈசா டவுன்
21.9.2024

விஜி அப்பாவுக்கு,

நலம். விஜிக்கு இருமல் விட்டுவிட்டது. எனக்கு கிளினிக்கில் டூட்டி மாறியிருக்கிறது, வேறு விசேஷம் இல்லை.

அண்ணனிடம் கேட்டேன். முதலில் நன்றாகச் சிரித்தார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உங்கள் சாரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

உண்மையான வேட்டைக்கு ஐயோவா, இல்லினாய், கான்சாஸ், விஸ்கான்சின் பக்கம் போக வேண்டுமாம். சோளக்காடும் ஆற்றங்கரை மரங்களும் அடுத்தடுத்து இருக்கிற இடம். பெரிய கொம்புகள் அங்கேதான். ஐயோவாவில் வெளி மாநிலத்தவர்களுக்குக் குலுக்கல் முறை, பெயர் விழுவதற்கே வருடங்கள் ஆகும். விஸ்கான்சினில் நவம்பர் குளிரில் மரத்தின் மேல் நாள் முழுக்க அசையாமல் உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தும் மான் வராமல் போகலாம். வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் நிறைய பேர்.

“இது ஒன் வீட்டுக்காரரோட மொதலாளிக்கு ஆகாதும்மா. லிஃப்ட் லேட்டானா வாட்ச்மேனைத் திட்டுற ஆளு. தெற்கு டெக்சாஸ் பக்கம் வேலி போட்ட பண்ணைக்கு வரச் சொல்லு” என்றார் அண்ணன். டெக்சாஸ் முழுக்க அப்படி இல்லையாம், ஒழுங்காக வேட்டையாடுகிறவர்களும் அங்கே உண்டு. ஆனால் அந்த வேலிப் பண்ணைகளில் ஆள் உயரத்துக்கு மேல் கம்பி. உள்ளே வளர்ப்பு மான். குட்டியில் புட்டிப்பால் குடித்தது. மெஷின் வேளைக்கு மக்காச்சோளம் கொட்டும், சத்தம் கேட்டதும் மான் வந்து நிற்கும். படத்தைப் பார்த்துக் கொம்பைத் தேர்ந்தெடுக்கலாம். சுடுகிறவர் ஜன்னல் வைத்த அறையில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அந்த மான்களுக்கு ஊசி போடுவதுதான் அண்ணனுக்குப் பாதிப் பிழைப்பு.

கேட்கும்போது எனக்கு மானை நினைத்து வருத்தம் வரவில்லை. உங்கள் ஞாபகம் வந்தது. சத்தம் கேட்டதும் வந்து நிற்பதற்கு அந்த மான் உங்களிடம் பாடம் படிக்கலாம். விஜியின் பிறந்தநாளுக்கு நாங்கள் அஜ்மான் வந்திருந்தபோது, அவள் கேக் வெட்டக் கத்தியை எடுத்த நேரத்தில், ‘காரை வாஷுக்குக் கொண்டு போ’ என்று போன் வந்ததும் எப்படி ஓடினீர்கள். கார் கழுவ ஓடிய மனிதர் இப்போது மான் தேடி ஓடுகிறார். பதவி உயர்வு என்று வைத்துக்கொள்கிறேன்.

தாமரை

*

தெற்கு டெக்சாஸ்
12.11.2024

அன்புள்ள தாமரைக்கு,

நீ திட்டி எழுதியதற்குப் பதில் எழுத எனக்குத் தெம்பு இல்லாமல் இருந்தது. இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

சார் வேலிப் பண்ணையைத்தான் தேர்ந்தெடுத்தார். மச்சான் சொன்னது அத்தனையும் சரி. சுழல் நாற்காலிகூட இருந்தது. முந்தாநாள் மதியத்துக்கு மேல் மெஷின் சத்தம் கேட்டது, மான் வந்தது. இவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சார் செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லிவிட்டுச் சுட்டார். குண்டு பின்னங்காலில் பட்டது.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் எர்னஸ்டோ என்ற வயதான மெக்சிகோக்காரர். “வால் மேலே போகவில்லை, பார்த்தாயா?” என்று என்னிடம் கேட்டார். பயந்து ஓடுகிற மான் வாலைத் தூக்கி வெள்ளையைக் காட்டுமாம், அடிபட்டது பெரும்பாலும் வாலைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓடுமாம். தேடிப் போய் முடித்துவிட வேண்டும், வலியோடு விடக் கூடாது என்றார்.

சார், “கலாஸ், முடிஞ்சுது, அது போவட்டும். வேற ஒண்ணு வரச் சொல்லு” என்றார். எர்னஸ்டோ இறங்கி நடந்தார். ஏனென்று தெரியவில்லை, நானும் பின்னால் இறங்கிவிட்டேன்.

முள் புதர் தாமரை, நம் ஊர்க் கருவேலங்காடு போலத்தான். இலையில் ஒரு சொட்டு ரத்தம், பிறகு ரொம்ப தூரத்துக்கு ஒன்றும் இல்லை, பிறகு மண்ணில் ஒரு இழுப்பு. என் கையெல்லாம் கிழிந்தது. நடுவில் சார் போன் செய்தார். “டேய் அன்பு, யாரு எனக்கு டீ போடுவா? திரும்பி வாடா.” “கிடைக்காம வரமாட்டேன் சார்” என்று சொல்லிவிட்டு போனை அணைத்தேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

வெளிச்சம் குறைகிற நேரத்தில் கம்பிவேலி ஓரத்தில் கிடந்தது. அதற்கு மேல் போக வழி இல்லை. எங்களைப் பார்த்து எழ முயன்றது, முடியவில்லை. எர்னஸ்டோ தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரே குண்டில் முடித்தார். அடங்கும்வரை அதன் கழுத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சூடாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வந்ததும் சார் அதன் கொம்பைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். என்னிடம் இரண்டு நாளாகப் பேசவில்லை. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

அன்பரசன்

*

ஈசா டவுன்
16.11.2024

அன்புள்ள விஜி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிறகு விஜிக்கு வாசித்துக் காட்டினேன். “அப்பா போனை ஆஃப் பண்ணிட்டாரா?” என்றுதான் முதலில் கேட்டாள். மான் செத்ததைக்கூட அப்புறம்தான் கேட்டாள். மறுநாள் வகுப்பில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். எங்கப்பா காட்டுக்குள்ள போயி, அடிபட்ட மானோட உக்காந்திருந்தாரு என்று.

அந்த முதலாளியைப் பற்றி நான் நினைத்ததில் மாற்றம் எதுவும் இல்லை. கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்ற மானைச் சரியாகச் சுடத் தெரியாத மனிதருக்குச் சுவரில் மாட்ட ஒரு தலை வேண்டுமாம். தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துச் சலித்துவிட்டது போலும்.

முள் கிழித்த இடங்களுக்கு மருந்து போட்டீர்களா? டெட்டனஸ் ஊசி கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள்.

டிசம்பரில் விஜிக்குப் பள்ளி விடுமுறை. லீவு கிடைத்தால் வாருங்கள். கிடைக்காவிட்டாலும் வாருங்கள். வேலை போனால் போகட்டும், என் சம்பளத்தில் கொஞ்ச நாள் ஓட்டலாம். புதர்க்காட்டுக்குள் போனை அணைத்த அந்த ஆளோடு எனக்கு நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

அன்புடன்
தாமரை

*

அஜ்மான்
9.12.2024

என் அன்புத் தாமரைக்கு,

பஹ்ரைன் கிளைக்கு நான்தான் மேனேஜர். போன வாரம் சார் தன் வீட்டில் பெரிய விருந்து வைத்தார். வந்தவர்கள் எல்லோருக்கும் முன்னால் என் தோளில் கை போட்டு அதை அறிவித்தார். டெக்சாஸில் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. எவ்வளவு பெரிய மனசு பார்.

மாதக் கடைசியில் அங்கே இருப்பேன். விடுமுறைக்கு மட்டும் வந்து போவதாக இல்லை, நிரந்தரமாக. உன் வீடு மூன்று பேருக்குப் போதுமா, இல்லை வேறு பார்க்கலாமா? விஜியிடம் நீயே சொல், அவள் முகத்தைப் பார்த்து எனக்கு எழுது.

உன்
அன்பரசன்

*

ஈசா டவுன்
11.12.2024

விஜி அப்பாவுக்கு,

அந்த விருந்தை நானும் பார்த்தேன். உங்கள் சாரின் பையன் ஃபேஸ்புக்கில் வீடியோ போட்டிருக்கிறான். அண்ணன் எனக்கு அனுப்பினார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது விஜி பின்னால் வந்து நின்றதை கவனிக்கவில்லை.

தலை இன்னும் பாடம் பண்ணி வரவில்லை போலும், சுவரில் கொம்பைப் பிடித்தபடி எடுத்த படம். அதன் கீழே உங்கள் சார். “நம்ம அன்புதான் மொதல்ல சுட்டான். கால்ல பட்டுருச்சு. உயிர் துடிக்க விடலாமா? நாலு மணி நேரம் முள்ளுக்காட்டுல நானே தேடிப் போயி முடிச்சேன். இவன் ரூம்ல உக்காந்து டீ குடிச்சிட்டிருந்தான். இல்லையாடா?” எல்லோரும் சிரிக்கிறார்கள். நீங்களும் சிரிக்கிறீர்கள். “ஆமா சார், எனக்குக் கை நடுங்கிருச்சு” என்கிறீர்கள். சொல்லிவிட்டு அவருடைய காலித் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறீர்கள்.

எங்களோடு இருப்பதற்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று எழுதுவீர்கள். தெரியும். அதனால் அதை எழுத வேண்டாம்.

முன்பெல்லாம் உங்களிடம் ஒன்றும் இல்லாததால்தான் வளைகிறீர்கள் என்று நினைத்திருந்தேன். அது ஒரு மாதிரி இரக்கம். இந்த முறை உங்களிடம் ஒன்று இருந்தது. கேட்டவுடன் எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். உங்கள் சார்மீதுகூட எனக்கு இப்போது கோபம் இல்லை. சுட்டதும் பொய் சொன்னதும் அவருடைய குணம். அந்த மானின் கழுத்தில் கை வைத்திருந்தவர் நீங்கள்.

விஜி வீடியோவை முழுதும் பார்த்தாள். “அப்பா நம்மகிட்ட பொய் சொன்னாரா, அவங்ககிட்ட பொய் சொன்னாரா?” என்று கேட்டாள். நம்மிடம் இல்லை என்றேன். “அப்போ ஏன் சிரிக்கிறாரு?” என்றாள். அதை அப்பாவிடமே கேள் என்றேன்.

நீங்கள் பஹ்ரைன் வருவதை நான் தடுக்க முடியாது. வெள்ளிக்கிழமைகளில் விஜியை உங்களிடம் அனுப்புகிறேன். அவள் மறுபடி கேட்பாள், பதிலை யோசித்து வையுங்கள்.

வீடு பாருங்கள். ஈசா டவுனில் பார்க்க வேண்டாம்.

தாமரை