கிழக்கு வயலில் தூவியது

என் கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு நன்றாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். மனசுதான் சரியில்லை. போனில் சொல்லலாம் என்றால் அப்பா ஸ்பீக்கரில் போட்டு ஊருக்கே கேட்கப் பேசுகிறவர், அதனால்தான் கடிதம். உட்கார்ந்து படி.

நம் சூரியகாந்தியைப் பற்றித்தான். நீ சொன்னபடியே, பாசிப்பயறு எடுத்த கிழக்கு வயலுக்குப் பாதி யூரியா, மக்காச்சோளம் எடுத்த மேற்கு வயலுக்கு முழு யூரியா என்று அப்பா தராசில் நிறுத்துப் போட்டார். பயறு மண்ணில் சத்தை விட்டுவிட்டுப் போயிருக்கும், பாதியே போதும் என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். எனக்குத்தான் மனசு கேட்கவில்லையடி. ஒரு பிள்ளைக்கு முழுத் தட்டு, இன்னொன்றுக்கு அரைத் தட்டா என்று இருந்தது. அப்பா பல் வைத்தியரிடம் போன அன்று, கொட்டகையில் மிச்சமிருந்த யூரியாவை இரும்புச் சட்டியில் அள்ளிக் கிழக்கு வயல் முழுக்கத் தூவிவிட்டேன். மூட்டை எங்கே என்று கேட்டார். எலி கடித்து, கூரை ஒழுகின தண்ணீரில் கரைந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். பாவம், மனுஷன் எலிப்பொறி வாங்கி வந்து வைத்தார்.

இப்போது அந்தச் செடிகள் அப்பாவையே தாண்டி நிற்கின்றன, இலை கரும்பச்சையாகக் கிடக்கிறது. அவர் வாராவாரம் டேப் பிடித்து அளந்து உனக்கு அனுப்புகிறார். பாதி உரத்திலேயே பாருங்க, என் மக சொன்னா சொன்னதுதான் என்று டிராக்டர்காரரிடம் ஒரே பெருமை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு நான் பக்கத்திலேயே நிற்கிறேன். இந்த அளவை வைத்துத்தான் மாதக் கடைசிக் கூட்டத்தில் அத்தனை விவசாயிகளுக்கும் சொல்லப் போகிறேன் என்றாயே, அதுதான் என்னை எழுத வைத்தது. உன் பேச்சை நம்பி அவர்கள் பாதி உரம் போட்டு, இப்படி வராமல் போனால் உன் பேர் என்ன ஆகும்?

நேற்றுச் சின்னக் காற்றுதான் அடித்தது. யூரியா கூடிப்போய்த் தண்டு வெறும் தண்ணீர், பூவின் பாரம் தாங்காமல் கிழக்கில் செடிகள் வரிசையாகச் சாய்ந்துவிட்டன. இன்னும் பெரிய காற்று வருகிறதாம், மணி பிடிப்பதற்குள் மிச்சமும் விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அதைவிடப் பயம் அப்பாவைப் பார்த்தால். சாய்ந்த செடியைக் கையில் பிடித்துக்கொண்டு, அவ கணக்குல எங்க தப்பு வந்துச்சுன்னு தெரியலையே என்றார். உன்னைக் குறை சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னார்.

உன் கணக்கில் தப்பில்லையம்மா. தப்பு என் கையில். கிழக்கு வயலின் அளவை யாரிடமும் சொல்லாதே. இதை மடிப்பதற்கு முன் அப்பாவிடம் வாசித்துக் காட்டப் போகிறேன், காட்டிவிட்டால் விலாசத்தை அவரையே எழுதச் சொல்வேன். உறைமேல் விலாசம் என் கையெழுத்தில் இருந்தால் எனக்குத் தைரியம் வரவில்லை என்று தெரிந்துகொள்.

நீ நூறு வருஷம் குறையில்லாமல் இருக்க வேண்டும். கழுத்து வலிக்கு அந்தத் தலையணையை மாற்று, மறக்காதே.

உன் அம்மா

விலாசம் நான்தான் எழுதினேன். சாய்ந்தது கிழக்கில் நாற்பத்தொன்று, மேற்கில் ஆறு. இரண்டையும் குறித்துக்கொள். அம்மா அழுகிறாள், போன் பண்ணு. ஸ்பீக்கரில் போட மாட்டேன்.

அப்பா