மலை மேல் நிற்பவரின் பேர்

அக்டோபர் 6, திங்கள்

காலையில் மூடுபனி. எழுத்து கோணலாகப் போகிறது, கோட்டை விட்டு இறங்குகிறது. படிக்கப் போவது நான் ஒருவன்தான், பொறுத்துக்கொள்கிறேன். ஒரு பக்கம் எழுதி முடிக்க மதியம் ஆகிவிடுகிறது. இந்த அமெரிக்க ஊர் பிரீமாண்டில் மதியத்துக்கு என்ன குறை. மகன் செந்திலும் மருமகள் நித்யாவும் வேலைக்குப் போனபின் வீட்டில் சத்தம் போடுவது குளிர்பெட்டி மட்டும்.

சனிக்கிழமைகளில் கோயில் தமிழ்ப் பள்ளி. சின்ன வயதில் பள்ளிக்குப் போகாதவன், இப்போது பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதக் கற்கிறேன். என் ழ-வைப் பார்த்து "சூப்பர் தாத்தா" என்றாள் பக்கத்தில் உட்காரும் சிறுமி. இன்னும் சந்தோசம் அடங்கவில்லை.

அக்டோபர் 8, புதன்

நல்ல வெயில். சாயங்காலம் மாயா வந்தாள். பல்கலைக்கழகத்தில் மறதி நோயை ஆராய்கிற பெண், இங்கேயே பிறந்தவள். இறந்துபோன என் மனைவிக்கும் அந்த நோய்தான்; அப்போது வந்து வந்து கேள்வி கேட்டு, அவள் பேச்சைப் பதிவு செய்தவள்.

"அங்கிள், அந்த ரெக்கார்டிங் எல்லாம் என் கம்ப்யூட்டர்லயே பூட்டிக் கிடக்கு. மத்த ரிசர்ச் பண்றவங்களும் கேக்கற மாதிரி ஓப்பனா வைக்கணும். ஆன்ட்டி அப்பவே சரின்னாங்க. ஆனா குரல் அடையாளம் தெரியும் இல்லையா, அதான் உங்களையும் கேக்கறேன்."

செந்தில்: "எதுக்குப்பா? அம்மா தடுமாறினதை ஊரே கேக்கணுமா?"

என் கவலை வேறு. மாயா அவளுக்கு வைத்த கடைசிப் பரிசோதனையில் நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் பேர் என்ன என்று கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் ஏதோ பேசினாள் என்று பிறகு சொன்னார்கள். என் பேர் அவளுக்கு மறந்துவிட்டது. அதையா எல்லோரும் கேட்பது.

வாங்க வேண்டியது: புளி, கண் மருந்து, அழிக்கிற ரப்பர்.

அக்டோபர் 11, சனி

பள்ளியில் ஞ. கை வலி. மாயாவிடம் போனில் கேட்டேன், நீ ஒருத்தி கேட்டது போதாதா அம்மணி என்று.

"போதாது அங்கிள். ஆன்ட்டி பதிலுக்கு மார்க் போட்டது நான். நான் தப்பா கேட்டிருந்தா அது தப்பாவே கிடக்கும். நாலு பேர் கேட்டா யாராவது பிடிப்பாங்க. என்னை முந்திக்கிட்டு வேற யாராவது பேப்பர் எழுதிடுவாங்கன்னு எனக்கும் பயம்தான். இருந்தாலும் போடறேன்."

சரி என்றேன். செந்தில் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டான். என் மனைவியின் குரல் எங்கேயோ நாலு இடத்தில் கேட்கட்டும். இந்த வீட்டில்தான் இல்லை.

நவம்பர் 18, செவ்வாய்

மழை. மாயா நனைந்துகொண்டு லேப்டாப்போடு வந்தாள். டெக்சாசிலிருந்து ஒரு டாக்டர், பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண்ணாம், பதிவைக் கேட்டுவிட்டு எழுதியிருக்கிறார். வீட்டுக்காரர் பேர் கேட்டதற்கு அவள் சொன்ன பதில் உளறல் இல்லை, சரியான பதில் என்று.

போட்டுக் காட்டினாள். என் மனைவியின் குரல்.

"அதை எப்படிங் அம்மணி வாயால சொல்றது? மலை மேல நிக்கறாருங்கல்லோ, மொட்டைத் தலையும் கையில தடியுமா. பழத்துக்குக் கோவிச்சுட்டுப் போனாரே, அவரு பேருதானுங். இவரும் அப்படித்தான். தோசை ஆறிப்போனாக் கோவிச்சுக்குவாரு."

மாயா தலை குனிந்திருந்தாள். "புருசன் பேரைச் சொல்ல மாட்டாங்கன்னே எனக்குத் தெரியாது அங்கிள். சாரி."

எனக்கே தோன்றவில்லையே. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளுக்கு நான் "ஏனுங்க" மட்டும்தான். மகனையே யாரென்று கேட்கிற நிலை வந்த பிறகு, என்னையும் மறந்திருப்பாள் என்று நம்பிவிட்டேன்.

வேலையிலிருந்து வந்த செந்தில் ஈரச் செருப்போடு நின்று கேட்டான். "இன்னொரு தடவை போடுங்க" என்றான். தோசை வரும் இடத்தில் சிரித்தான். பிறகு மாடிக்குப் போய்விட்டான்.

பழனிச்சாமி. அவள் சொல்லாததை நானே எழுதிக்கொண்டேன். ழ நன்றாக வந்திருக்கிறது.

அவள் பேரையும் எழுத வேண்டும். அதில் இருக்கும் வடமொழி எழுத்து எனக்கு இன்னும் வரவில்லை. சனிக்கிழமை பள்ளியில் கேட்டுக்கொண்டு அடுத்த வாரம் எழுதுகிறேன்.