லாரி வாசலின் இரண்டு கதவுகள்

1984

நவம்பர் 12, திங்கள்

சர்க்கஸ்காரர்கள் கிளம்பிப் போனார்கள். யானைச் சாணத்தை அள்ளி முடிப்பதற்குள் செயற்கைப் புல் சுருள்களோடு அடுத்த லாரிகள் வந்து நின்றுவிட்டன. போன வாரம் ஜெபக் கூட்டம், அதற்கு முந்தைய வாரம் சேற்றில் டிராக்டர் பந்தயம். காலை வேளைகளில் தள்ளுவண்டிக் குழந்தைகளோடு தாய்மார்கள் உள்ளே இருக்கைகளைச் சுற்றியிருக்கும் நடைபாதையில் நடக்கிறார்கள். வெளியே குளிர் அப்படி. இந்த அரங்கத்தைக் கட்டவே கூடாது என்று கத்தியவர்கள் எல்லாரும் இப்போது இதற்குள்தான் இருக்கிறார்கள்.

புது லாரிக்காரன் ஒருவன் உள்கதவு திறந்திருக்கும்போதே வெளிக்கதவைத் திறக்கச் சொன்னான். நன்றாகத் திட்டிவிட்டேன். "மேல பாருய்யா. தூண் தெரியுதா? உத்தரம் தெரியுதா? வெறும் துணி. விசிறிங்க ஊதுற காத்துலதான் நிக்குது. ஒரு கதவு மூடினாத்தான் இன்னொண்ணு திறக்கும்." ஏதோ நானே ஊதி நிறுத்தின மாதிரி ஒரு தோரணை எனக்கு.

நவம்பர் 17, சனி

நார்லண்ட் அரையிறுதியில் ஜெயித்துவிட்டது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் மாநில ஃபுட்பால் இறுதிக்கு வருவது இதுதான் முதல் தடவை. பெரியப்பா மகன் ஆரின் தொலைபேசியில் கூப்பிட்டான். "டேய் இங்வால்ட், அடுத்த சனிக்கிழமை உங்க பலூனுக்குள்ள வர்றோம்டா. காத்து இருக்குமா, இல்ல நாங்க வந்து ஊதணுமா?"

சிரித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

நவம்பர் 18, ஞாயிறு

மனைவி மார்னாவையும் அழைத்துக்கொண்டு ஊர்த் தேவாலயத்துக்குப் போனேன். ஆராதனை முடிந்து கீழே காப்பி. பத்து வருஷமாக என்னிடம் மழையைப் பற்றி மட்டும் பேசியவர்கள் இன்று நாற்காலி இழுத்துப் போட்டார்கள். பாதிரியாரின் மனைவி கேட்காமலே இரண்டாவது துண்டு கேக் வைத்தார்.

வெள்ளிக்கிழமை மாலை அணிகள் மைதானத்தைப் பார்த்துப் பழக அனுமதி உண்டு. அப்போது வாத்தியக் குழுவும் ஊர்வல வண்டியும் வரலாமா என்று கேட்டார்கள். வைக்கோல் வண்டியில் கோழி வலையை வளைத்துக் கட்டி, காகிதக் கைக்குட்டைகளைச் செருகி ஒரு பெரிய காட்டு வாத்து செய்திருக்கிறார்கள். அணியின் பெயரே காட்டு வாத்துகள். பள்ளிக்கூடமே உட்கார்ந்து செருகியதாம்.

"தாராளமா வரட்டும். கதவு என் கையிலதானே இருக்கு" என்றேன்.

வரும் வழியில் மார்னா கேட்டாள்: "கதவு உங்க கையில இருக்கு சரி. கிரெஸ் கிட்ட கேட்டீங்களா?" கிரெஸ் எங்கள் மேலாளர். கேட்கிறேன் என்றேன்.

நவம்பர் 20, செவ்வாய்

கிரெஸ் சரி என்றார். "விதிப்படி கொண்டு வா" என்றார்.

நவம்பர் 22, வியாழன்

நன்றி நாள் பண்டிகை. வான்கோழி, பூசணிப் பலகாரம், தூக்கம். மதியத்திலிருந்து பனி. பஞ்சு மாதிரிப் பனியாக இருந்தால் பரவாயில்லை. இது ஈரப்பனி, மண்வாரியைத் தூக்கினால் தோள் கழல்கிறது.

விசிறி அறையில் இன்று டெல்ஃபீன். பிள்ளைகுட்டிக்காரர்கள் வீட்டில் சாப்பிடட்டும் என்று பண்டிகை நாளில் அவளே வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்வாள். மார்னா ஒரு தட்டு நிறைய வைத்து மூடிக் கொடுத்தாள், கொண்டு போனேன். கூரையின் இரண்டு துணிக்கும் நடுவே வெந்நீராவிக் காற்றை விட்டுப் பனியை உருக்கிக்கொண்டிருந்தாள். காற்றழுத்தம் காட்டும் முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்காமலே, "குழம்புல மிளகு தூக்கலா இருக்கு. மார்னா கிட்ட நல்லாயிருக்குன்னு சொல்லிடு" என்றாள்.

நவம்பர் 23, வெள்ளி

கூரை விழுந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. கடவுளே, யாருக்கும் அடியில்லை.

நவம்பர் 24, சனி

எழுதிவிட வேண்டும். நாளாக ஆக நானே வேறு மாதிரி நினைத்துக்கொள்ள ஆரம்பித்துவிடுவேன்.

நேற்று மாலை ஊரே வந்தது. முன்னால் ஆரினின் டிராக்டர், பின்னால் வாத்து வண்டி, அதன் பின்னால் வாத்தியக் குழு. இரண்டு கதவுக்கும் நடுவே இருக்கிற கூடத்தில் டிராக்டர் மட்டும் கொள்ளும். வண்டியோடு சேர்த்துக் கொள்ளாது. கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக உள்ளே விட வேண்டும். சொன்னேன்.

ஆரின் இறங்கிக் கொக்கியை உதைத்துப் பார்த்தான். "உறைஞ்சு கெடக்குடா. சுத்தியல் வச்சு அடிக்கணும். அடிச்சா வாத்து கழுத்து உடைஞ்சிடும். ரெண்டையும் ஒரு நிமிஷம் திற, புகுந்துடறேன்."

"முடியாதுண்ணே."

பின்னால் யாரோ சொன்னார்கள்: "கதவு தன் கையிலன்னு சொன்னானே, சாவி வேற ஆள் கையில போல." எல்லாரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்புதான், கெட்ட எண்ணம் இல்லை. எனக்குத்தான் காது சூடேறியது.

இரண்டு பொத்தானையும் அழுத்தினேன்.

உள்ளே இருந்த காற்று மொத்தமும் எங்கள் மேல் பாய்ந்தது. தொப்பிகள் பறந்தன. வாத்தியக் குழுவின் இசைத்தாள்கள் பறந்தன. வாத்தின் இறகெல்லாம் கைக்குட்டை கைக்குட்டையாகப் பிய்ந்து பனியோடு பனியாகப் போயிற்று. பிள்ளைகள் கத்திச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் — அதை எழுதாமல் விடக்கூடாது — நானும் சிரித்தேன். வண்டி பாதி நுழைந்து, உள்கதவின் தண்டவாளத்தில் சக்கரம் மாட்டிக்கொண்டது.

சுவரில் தொலைபேசி அடித்தது. டெல்ஃபீன்.

"இங்வால்ட், முள்ளு விழுந்துக்கிட்டே இருக்கு. என்ன திறந்திருக்கு?"

"ஒரு நிமிஷம். எங்க ஊர்க்காரங்க."

"மேல பனி நிக்குது. வெளிக்கதவ மூடு. வண்டி நசுங்கினா நசுங்கட்டும்."

"ஒரு நிமிஷம்னு சொன்னேன்ல?" வைத்துவிட்டேன்.

மூடியிருந்தால் வாத்து போயிருக்கும். அவ்வளவுதான். ஒரு காகித வாத்து.

கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் அவள் குரல். எல்லாரும் மைதானத்தைவிட்டு ஓரத்துக்குப் போங்கள், ஓட வேண்டாம், நடங்கள் என்று பதறாமல் திரும்பத் திரும்பச் சொன்னாள். நிமிர்ந்து பார்த்தேன். கூரை நடுவில் தொங்கிக்கொண்டு இறங்கி வந்தது. உருகின தண்ணீரும் பனியும் நடுவுக்கு ஓடி ஓடி இன்னும் இழுத்தன. விளக்கு ஒன்றில் பட்டுத் துணி கிழிந்தது. பிறகு அத்தனை பனியும் மைதானத்தில் ஆட்டக்காரப் பிள்ளைகள் நின்ற இடத்தில் விழுந்தது. அவர்கள் அப்போது அங்கே இல்லை. அவள் சொன்னதால்தான் இல்லை.

இன்று இறுதி ஆட்டத்தை ஒரு கல்லூரியின் திறந்த மைதானத்தில் வைத்தார்கள். சேறும் ஐஸும். எக்காளத்தில் உதடு ஒட்டிக்கொள்கிறது என்று வாத்தியக் குழுவை வாசிக்கவே விடவில்லை. நார்லண்ட் தோற்றது. நான் போகவில்லை. வானொலியில் கேட்டேன்.

நவம்பர் 26, திங்கள்

கிரெஸ் கூப்பிட்டார். நகரசபையிலிருந்து இரண்டு பேர் உடன் இருந்தார்கள். வண்டி மாட்டிக்கொண்டதால் கதவு மூடவில்லை என்றேன். அது உண்மைதான். ஓர் அளவுக்கு உண்மை.

"டெல்ஃபீன் உனக்கு ஃபோன் பண்ணி எச்சரிச்சதா சொல்றா. முள் விழுந்ததைக் கவனிக்காம இருந்துட்டு இப்ப சொல்றாளோன்னு இவங்க கேக்குறாங்க. பண்ணினாளா?"

"ஒரே சத்தம் சார். காத்து. ஃபோன் அடிச்சது கேக்கல."

முன்கூட்டி யோசித்துக்கொண்டு போகவில்லை. வாய் தானாகத் திறந்து சொல்லியது. சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டுக் குடித்தேன்.

நவம்பர் 27, செவ்வாய்

டெல்ஃபீனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விசாரணை முடிகிற வரை என்று பேச்சு. முடிந்த பிறகும் அப்படித்தான் என்பது எல்லாருக்கும் தெரியும்.

நவம்பர் 28, புதன்

லாரி வாசல் தொலைபேசிக்குக் கீழே மார்னாவின் தட்டு இருந்தது. கழுவித் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி, மேலே என் பெயர். வேறு ஒரு வார்த்தை எழுதவில்லை.

வீட்டுக்குக் கொண்டுபோக முடியவில்லை. காரின் பின் இருக்கைக்கு அடியில் வைத்திருக்கிறேன். திருடின பொருளை ஒளிக்கிற மாதிரி என் சொந்தத் தட்டை ஒளிக்கிறேன். த்தூ. என்ன பிழைப்பு இது.

டிசம்பர் 2, ஞாயிறு

ஆரின் வந்தான். வருகிற சனிக்கிழமை ஊரில் மீன் விருந்து. சோடாக் காரத்தில் ஊறவைத்துக் கொழகொழவென்று வேகவைக்கிற அந்த மீன்தான். அங்கே எனக்கு அணியின் மேலங்கியைப் போர்த்தப் போகிறார்களாம். எதற்கு என்று கேட்டேன்.

"நீ எங்களுக்காக எவ்வளவு முயற்சி பண்ணின. பனி பெஞ்சா நீ என்ன பண்ணுவ?"

"பனியாண்ணே?"

என் முகத்தைப் பார்க்காமல் காப்பியைக் கலக்கினான். "ஃபோன் உன் காதுல இருந்தது. நான் வண்டிக்கு அடியில இருந்து பாத்தேன். நீ ஏதோ பேசினே."

அவன் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினேன்.

"நான் யார்கிட்டயும் வாய் திறக்கல. கொக்கியை அடிச்சிருக்கலாம், நானும் அடிக்கல. அந்தப் பொம்பளை நம்ம ஊரா என்ன, விடுடா."

இவ்வளவு ஆறுதலாக யாரும் என்னை இதுவரை கேவலப்படுத்தியதில்லை. வாசல்வரை போய் வழியனுப்பி, கையும் ஆட்டினேன்.

டிசம்பர் 5, புதன்

டெல்ஃபீன் தெருவில் காரை நிறுத்தினேன். தட்டு அடியில் இருந்தது. அவள் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். வாரியை நிறுத்தாமல் சொன்னாள்:

"உனக்குக் கேட்டது. நீ பதில் சொன்னே. நான் பைத்தியமில்லன்னு எனக்கு நானே சொல்லிக்கிற மாதிரி வச்சிட்டியே, அதைத்தான் பொறுக்க முடியல. வேலை போகட்டும்."

மன்னித்துவிடு என்றுகூட வரவில்லை எனக்கு. "மார்னா விசாரிச்சா" என்றேன். மார்னா விசாரிக்கவில்லை. மார்னாவுக்கு ஒன்றும் தெரியாது. அங்கேயும் ஒரு பொய்.

டிசம்பர் 6, வியாழன்

மார்னாவிடம் சொன்னேன். "என் தட்டு எங்க?" என்றாள். எடுத்துவந்து கொடுத்தேன். அதை மறுபடி ஒரு தடவை கழுவினாள்.

டிசம்பர் 8, சனி

மேலங்கியைப் போர்த்த வந்தபோது வேண்டாம் என்று கையைத் தடுத்தேன். எங்கள் ஊரில் அது பெரிய மரியாதைக் குறைவு. கூடம் முழுக்க மீன் வாசனையும் உருக்கிய வெண்ணெய் வாசனையும். பிள்ளைகள் முதல் வரிசையில்.

எப்படிச் சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. கதவை நான்தான் திறந்தேன், மூடச் சொல்லிக் கூப்பிட்டார்கள், மூடவில்லை, கூப்பிடவே இல்லை என்று பொய் சொன்னேன், உங்கள் பிள்ளைகளை நகரச் சொன்ன பெண்ணுக்கு என்னால் வேலை போயிற்று — இவ்வளவுதான். நடுவில், "உங்க முன்னாடி பெரிய ஆளாத் தெரியணும்னு ஆசைப்பட்டேன்" என்றும் சொல்லிவிட்டேன். அதைச் சொன்னபோதுதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கூசியது.

யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கடைசியில் பாதிரியாரின் மனைவி, "உருளைக்கிழங்கு ஆறிப்போகுது" என்றார். சாப்பிட ஆரம்பித்தார்கள். என் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. கிளம்பும்போது மேலங்கி ஆணியில் தொங்கியது.

ஆரின் மட்டும் கார்வரை வந்தான். "திங்கக்கிழமை நானும் வர்றேன். கண்ணால பாத்தவன் நான்தானே" என்றான்.

டிசம்பர் 10, திங்கள்

கிரெஸிடம் சொன்னோம். அவர் என்னைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்தார். சாவியை மேசையில் வைக்கச் சொன்னார்.

டிசம்பர் 17, திங்கள்

டெல்ஃபீன் வேலைக்குத் திரும்பிவிட்டாள் என்று கேள்வி.

1985

ஏப்ரல் 9, செவ்வாய்

கிழிந்த துணியை மாற்றி இன்று கூரையை எழுப்பினார்கள். தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். கொஞ்சம் கொஞ்சமாக உப்பி வந்தது. கூட்டம் கைதட்டியது. நான் கையைப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

என்னைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். லாரி வாசல் இல்லை. மேற்குப் பக்கச் சிறு வாசல். கூட்டம் சுழல் கதவில் போகும். சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் என் பக்கம். இங்கேயும் இரண்டு கதவு, சின்னது. சம்பளம் குறைவு. சுவரில் ஒரு தொலைபேசி.

விசிறி அறைக்கு இப்போது டெல்ஃபீன்தான் தலைமை. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் எல்லா வாசலுக்கும் கூப்பிடுகிறாள். மற்றவர்களிடம் குளிரைப் பற்றி, குழந்தைகளைப் பற்றி ஏதாவது பேசுகிறாளாம். என்னிடம் ஒரே வார்த்தை: "கதவு?"

"சாத்தியிருக்கு" என்பேன். வைத்துவிடுவாள். அது நியாயம்.

நவம்பர் 30, சனி

இறுதி ஆட்டம். நார்லண்ட் இந்த வருஷம் ஆடவில்லை. ஆனாலும் இடைவேளையில் வாசிக்க வாத்தியக் குழுவை மட்டும் அழைத்திருந்தார்கள். போன வருஷம் நடந்ததற்காக. வெளியே ஈரப்பனி.

ஆரின் என் வாசலுக்கு வந்தான், கூடவே புது வாத்து, இந்தத் தடவை கைவண்டியில். பின்னால் ஊர். நான் அன்று பேசியதற்குப் பிறகு என்னோடு பேசாதவர்களும் அதில் இருந்தார்கள். வண்டி கூடத்துக்குள் அடங்கியது. வாத்தின் கழுத்துதான் நீண்டு வெளிக்கதவை மூட விடவில்லை.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடேறியது, அதே மாதிரி.

"கழுத்தைக் கழட்டணும்ணே" என்றேன்.

ஆரின் பையிலிருந்து கம்பி வெட்டுகிற குறடை எடுத்தான். தெரிந்தே கொண்டு வந்திருக்கிறான். முதல் வரிசையில் நின்ற சின்னப் பெண் ஒருத்தி அழுதாள். வாத்து முன்னால் போயிற்று, வெளிக்கதவை மூடினேன், உள்கதவைத் திறந்தேன், மூடினேன். பிறகு கழுத்தைத் தோளில் சாத்திக்கொண்டு ஆரின் வந்தான்.

தொலைபேசி அடித்தது.

"கதவு?"

"சாத்தியிருக்கு."

வைக்கிற சத்தத்துக்குக் காத்திருந்தேன். வைக்கவில்லை. விசிறிகளின் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"வாத்து?" என்றாள்.

"கழுத்து தனியா வந்துச்சு."

"சரி" என்று வைத்தாள்.