நெயில் பாலிஷ் வைக்காத போல்ட்

பிப்ரவரி 11, சனி

என் சீன மோட்டார் பைக் இரண்டாயிரம் கிலோமீட்டரைத் தாண்டியது. என்ஜின் ஆயில் மாற்றினேன். வாங்கிய வாரத்தில் வடித்த ஆயிலில் இரும்புத்தூள் வெள்ளி போல மின்னியது. இந்த முறை வெறும் கறுப்புதான். நல்ல அறிகுறி.

செயினைத் தளர்த்தி மறுபடி இழுத்தேன். பின்சக்கரத்தில் மூன்று ஸ்போக்ஸ் கம்பிகள் லேசாக ஆடின, முறுக்கினேன். முன்விளக்கின் போல்ட் ஒன்று எங்கேயோ விழுந்துவிட்டது. இது இரண்டாவது.

இஸ்கோவின் பட்டறைக்குப் போய் வேறு போல்ட் கேட்டேன். அவர் ஜப்பான் வண்டிகளை மட்டுமே வண்டி என்று ஒப்புக்கொள்கிறவர்.

"மேடம், இது வண்டியே இல்ல. போல்ட்டுங்க எல்லாம் சேர்ந்து போட்ட கூட்டம். கூட்டம் எப்ப வேணாலும் கலையும்."

சிரித்து வைத்தேன். அவரிடம் வாதாடுவதில் பயனில்லை. சீன வண்டி மோசம் என்பதை நான் நம்பவில்லை. தொழிற்சாலையில் அவசரமாகப் பூட்டி அனுப்புகிறார்கள், விற்கிறவன் திருப்பிப் பார்ப்பதில்லை. மீதி வேலையை வாங்கியவர் செய்ய வேண்டும். செய்தால் ஓடும். இரும்பின் மேல் குற்றமில்லை, கவனிக்காதவர் மேல்தான்.

பிப்ரவரி 12, ஞாயிறு

தம்பி வீட்டில் மதியச் சாப்பாடு. வண்டியை அவர்கள் முற்றத்தில் நிறுத்தி, ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கி முடித்ததும் அதன் தலையிலிருந்து இரும்பு வரை நெயில் பாலிஷால் ஒரு சிவப்புக் கோடு இழுத்தேன். போல்ட் தளர்ந்தால் கோடு உடைந்து நிற்கும். பார்த்ததும் தெரிந்துவிடும்.

தம்பி மனைவி அனலின் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா என்பதற்கு மனாங் என்றுதான் என்னைக் கூப்பிடுவாள்.

"மனாங், கல்யாணந்தான் பண்ணிக்கல. நகத்துக்காவது பூசிக்கக் கூடாதா? அத்தனையும் போல்ட்டுக்கே போவுது."

தம்பி ருவெல் விழுந்து விழுந்து சிரித்தான். "விடுடி, அக்காவுக்கு மாப்பிள்ளை அதுதான்."

எனக்கும் சிரிப்பு வந்தது. இந்த வீட்டில் மட்டும்தான் என்னைக் கேலி செய்கிறார்கள்.

பிப்ரவரி 20, திங்கள்

மேல்மலையில் ஒன்பது தோட்டங்கள் பார்த்தேன். நாருக்காக வளர்க்கிற அபாக்கா வாழையில் முடிக்கொத்து நோய் ஆற்றைத் தாண்டிவிட்டது. நாற்பது தூர்களைத் தோண்டி எறியச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். ஒரு தோட்டக்காரர் என்னைப் பார்த்ததும் நாயை அவிழ்த்துவிட்டார்.

எங்கள் வேளாண் அலுவலக ஜீப் ஏறாத பாதை. வண்டி ஏறியது.

மார்ச் 9, வியாழன்

அனலின் மறுபடி அதையே ஆரம்பித்தாள். புது வண்டிக்குக் கோழி ரத்தம் காட்டவில்லையாம். இங்கே வீடு கட்டினாலும் வண்டி வாங்கினாலும் ஒரு கோழியை அறுத்துச் சக்கரத்தில் ரத்தம் தடவுவார்கள், வண்டி பிறகு மனித ரத்தம் கேட்காது என்று.

"அஞ்சு மாசம் ஆச்சு மனாங். இன்னும் அது பசியோட நிக்குது."

"அதுக்குப் பசிச்சா பெட்ரோல் போடுறேன்," என்றேன்.

அவள் முகம் சுருங்கியது. அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் ரத்தம் தடவி என்ன ஆகப் போகிறது, துருதான் பிடிக்கும்.

ஏப்ரல் 23, ஞாயிறு

காலை முழுக்க தம்பி வீட்டு முற்றத்தில் வேலை. முன் பிரேக் பேட் தேய்ந்துவிட்டது. பேடைப் பிடித்திருக்கிற காலிப்பரைக் கழற்றிப் புதிய பேட் போட்டு, முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கில் வைத்து, இரண்டு போல்ட்டையும் கையால் ஏற்றினேன். அதற்குள் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள் அனலின். ருவெலுக்கு இன்று நாற்பத்திரண்டு முடிகிறது. பன்றி வறுத்திருந்தார்கள். ருவெல் மைக் வைத்த பாட்டுப் பெட்டியை எடுத்துவந்து, இரண்டு தெரு கேட்கும்படி பாடினான். குரல் சகிக்கவில்லை. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டன. நானும் ஒரு பாட்டு பாடினேன் — கல்லூரிக்குப் பின் இப்போதுதான்.

நாளை பட்டணத்தில் பயிற்சி, பேருந்தில் போகிறேன். வண்டி அங்கேயே நிற்கிறது. மீதி பிறகு.

ஏப்ரல் 24, திங்கள்

ருவெல் விழுந்துவிட்டான். ஆற்றுக்கு இறங்குகிற சரிவில். என் வண்டியில். பயிற்சியின் நடுவில் கூப்பிட்டுச் சொன்னார்கள். நினைவில்லையாம்.

ஏப்ரல் 26, புதன்

காலை பதினொன்றே காலுக்குப் போய்விட்டான்.

ஏப்ரல் 29, சனி

வீடு நிறைய ஆட்கள். காப்பி, பிஸ்கட், இரவு விழித்திருக்கச் சீட்டாட்டம், செபம். எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் வெவ்வேறாகச் சொல்கிறார்கள். ஹெல்மெட் போடவில்லை. சீன வண்டி. ரத்தம் காட்டாத வண்டி. ஒருவர் என் காதுபடவே சொன்னார்: "படிச்சவங்களுக்கு எதுலயும் நம்பிக்கை இல்ல. இப்பப் பாரு."

நான் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மே 3, புதன்

நேற்று அடக்கம். இன்று இஸ்கோ வண்டியைத் தன் மூன்றுசக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து என் கொட்டகையில் இறக்கினார். அக்கம்பக்கத்து ஆண்கள் நாலு பேர் சுற்றி நின்றார்கள். முன்சக்கரத்தில் பாதிக் கம்பிகள் இல்லை. காலிப்பர் ஒரே ஒரு போல்ட்டில் தொங்கியது. இன்னொன்று இல்லை. கீழ்ப் போல்ட் கழன்று விழுந்ததும் காலிப்பர் சுழன்று கம்பிகளுக்குள் போயிருக்கிறது. சக்கரம் பூட்டிக்கொண்டது. அவன் முன்னால் போய் விழுந்தான்.

இஸ்கோ காலியான ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவினார். உடைந்திருந்தால் உள்ளே துண்டு இருக்கும், பிய்ந்திருந்தால் மரை போயிருக்கும்.

"மரை நல்லாத்தான் இருக்கு..."

பிறகு என் முகத்தைப் பார்த்தார். கையைத் துடைத்தார். மற்றவர்களிடம் திரும்பி உரக்கச் சொன்னார்:

"சீனாக்காரன் போல்ட்டு. வேற என்ன சொல்றது?"

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்.

அவர்கள் போனபின் மிச்சமிருந்த மேல் போல்ட்டைப் பார்த்தேன். வண்டியில் உள்ள எல்லாப் போல்ட்டிலும் சிவப்புக் கோடு இருக்கிறது. அதில் இல்லை. விரலால் திருகினேன். வந்துவிட்டது.

மே 4, வியாழன்

ஏப்ரல் 23-ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் படித்தேன். என் கையெழுத்து. 'இரண்டு போல்ட்டையும் கையால் ஏற்றினேன்.' 'மீதி பிறகு.'

ஸ்பானரை எடுத்திருந்தால் அரை நிமிடம்.

மே 8, திங்கள்

வேலைக்குப் போனேன். நடந்தே. தோட்டக்காரர்கள் இரக்கத்தோடு பேசுகிறார்கள். நாய் வைத்திருப்பவர் ஒரு சீப்புப் பழம் கொடுத்தார். "அந்த மாதிரி வண்டியெல்லாம் இந்த ஊருக்குள்ள விடவே கூடாது மேடம்."

நாலைந்து நாட்களாக இதையேதான் யோசிக்கிறேன்: யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒருவர், இஸ்கோ, வாய் திறக்கமாட்டார். அந்த வண்டியைப் பற்றி இத்தனை மாதமாக இவர்கள் சொன்ன எதையும் நான் ஏற்றதில்லை. இப்போது அதற்குப் பின்னால்தான் ஒளிந்து நிற்கிறேன்.

சொன்னால் ருவெல் திரும்பி வருவானா? வரமாட்டான். சொன்னால் அனலினும் பிள்ளைகளும்... எனக்கு இருப்பது அந்த ஒரு வீடுதான். ஆகவே சொல்வதில் பயன் இல்லை. — இப்படித்தான் வாதம் போகிறது. நன்றாகப் படித்தவளின் வாதம்.

மே 13, சனி

எழுதிவிட வேண்டும்.

காலையில் அனலின் வந்தாள். கையில் சிவப்புச் சேவல், கால் கட்டியிருந்தது. உடைந்த வண்டிக்காவது ரத்தம் காட்ட வேண்டும், நாளைக்கு வேறு யாராவது அதைச் சரிபண்ணி ஓட்டினால் அவனும் சாகக்கூடாது என்றாள். சரி என்றேன். கொட்டகையில் வண்டி முன்னால் போய் உட்கார்ந்தாள். அறுக்கவில்லை. சேவலை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

"மனாங், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க வண்டி வாங்கினப்பவே நான் கோழி பிடிச்சுக் கட்டி வெச்சுட்டேன். உங்களுக்குத் தெரியாம செஞ்சிடலாம்னு. அவருதான் சொன்னாரு, 'அக்கா பாத்தா சிரிப்பாங்க, வேணாம்'னு. எனக்கும் வெட்கமாப் போச்சு. அவுத்து விட்டுட்டேன்." மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டாள். "நீங்க சிரிப்பீங்களேன்னு பயந்து நான் என் புருஷனைக் கொன்னுட்டேன்."

அழுகையில்லை. கணக்குப் போட்டு விடை சொல்வது போலச் சொன்னாள். எத்தனை நாளாக இதைச் சுமக்கிறாளோ.

நான் சொன்னேன். ஐயோ, எப்படிச் சொன்னேன் என்றே நினைவில்லை. பேட் மாற்றினது, கையால் மட்டும் முறுக்கினது, ஸ்பானர் போடாதது. மேல் போல்ட்டைக் கொண்டுவந்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

அவள் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். 

"அன்னைக்குச் சாப்பிடக் கூப்பிட்டது நான்தானே?"

"இல்ல, அனலின். அப்படி இல்ல. எழுந்து வந்தது நான். மறந்தது நான்."

"மூணு தடவை கூப்பிட்டேன். சோறு ஆறுதுன்னு."

"நான் மறந்தேன்டி. நான்தான். உனக்கு இதுல எதுவும் இல்ல. கோழியும் இல்ல, சோறும் இல்ல."

"வண்டி வந்த அந்த மூணாம் தேதியே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நானு பத்து நாளா அந்தக் கோழியை நெனச்சு நெனச்சுச் செத்துக்கிட்டிருந்தேன். நீங்க எதிர்லதான் உக்காந்திருந்தீங்க."

போல்ட்டை மண்ணில் வைத்தாள். சேவலின் கால்கட்டை அவிழ்த்தாள். அதை விட்டுவிடவில்லை, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தே போனாள். வாசல்வரை போனேன். திரும்பிப் பார்க்கவில்லை.

மே 21, ஞாயிறு

சாப்பாட்டுக்குக் கூப்பிடவில்லை. எதிர்பார்க்கவும் இல்லை. பாதி எதிர்பார்த்தேன்.

ஜூன் 4, ஞாயிறு

நாற்பதாம் நாள். செபம் கேட்டது, இங்கிருந்தே. எனக்குச் சொல்லி அனுப்பவில்லை, நானும் போகவில்லை. மதியம் பக்கத்துவீட்டுப் பெண் வாழையிலைப் பொட்டலம் ஒன்று கொண்டுவந்து கொடுத்தாள். பசையரிசிச் சோறும் கறியும். தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுக்கிறார்களாம்.

வீட்டு ஆட்களுக்குப் பொட்டலம் கட்டமாட்டார்கள். அவர்கள் எல்லோருக்கும் கட்டி அனுப்பிவிட்டு அடுப்படியில் நின்றபடி சாப்பிடுவார்கள்.

சாப்பிட்டேன். எறியத் தோன்றவில்லை.

ஜூன் 19, திங்கள்

இஸ்கோ அலுவலகத்துக்கே வந்தார். வண்டியை நிமிர்த்த முடியுமா என்று அனலின் கேட்டாளாம். ருவெலின் பழைய வண்டிக்கு மேல்மலை ஏற வலு இல்லை. மேலேயிருந்து அபாக்கா நாரைக் கீழே கொண்டுவர அவளுக்கு ஒரு வண்டி வேண்டும்.

"என்கிட்ட ஜப்பான் வண்டி ஒண்ணு இருக்கு, தவணையில தர்றேன்னேன் மேடம். வேணாமாம். இதுல என்ன கோளாறுன்னு தெரியுமாம். தெரியாத வண்டி வேணாமாம்."

எடுத்துப் போகச் சொன்னேன்.

ஜூலை 2, ஞாயிறு

பூசை முடிந்த நேரம். வண்டிச் சத்தம் கேட்டது, அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். வெளியே வந்தேன். அனலின் ஸ்டாண்ட் போட்டு இறங்கினாள்.

"ஸ்பானர் எடுத்துட்டு வாங்க. எல்லாத்தையும் முறுக்குங்க. ஒண்ணு விடாம. நான் பாக்கணும்."

முறுக்கினேன். ஒன்றரை மணி நேரம். அவள் பக்கத்தில் நின்றே இருந்தாள், தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. முன் காலிப்பருக்கு வந்தபோது இரண்டு போல்ட்டிலும் இரண்டு முறை ஸ்பானர் போட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. முடிந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

ஜூலை 30, ஞாயிறு

ஐந்தாவது ஞாயிறு. இஸ்கோவிடம் சொந்தமாக ஒரு ஸ்பானர் செட் வாங்கியிருக்கிறாள். நான் முறுக்கி முடித்த ஒவ்வொன்றிலும் அவள் ஒருமுறை போட்டுப் பார்க்கிறாள். எதுவும் நகரவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை.

சனிக்கிழமையே கொட்டகையைப் பெருக்கி வைக்கிறேன் என்பதை எழுதத்தான் வேண்டும்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

இன்று பேசினாள்.

"எவ்வளவு முறுக்கணும்னு எப்படித் தெரியும்?"

"நிக்கிற வரைக்கும் முறுக்கு. அப்புறம் இன்னும் கொஞ்சம். ரொம்பப் போனா மரை போயிடும். கைக்கே தெரியும்."

"எனக்குத் தெரியலையே."

அவள் கைமேல் என் கையை வைத்து ஒரு போல்ட்டை இறுக்கினேன். நின்ற இடம் இதுதான் என்றேன். கையை இழுத்துக்கொள்ளவில்லை. மற்றதையெல்லாம் அவளே செய்தாள். செயினை எவ்வளவு தொய்வாக விட வேண்டும் என்று கேட்டாள். இரண்டு விரல் என்றேன். அளந்து பார்த்தாள்.

கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

வரவில்லை. மழை காரணமாக இருக்கலாம்.

செப்டம்பர் 3, ஞாயிறு

மழை இல்லை.

செப்டம்பர் 6, புதன்

சந்தைநாள். நார் வாங்குகிற கடை முன்னால் வண்டி நின்றது. அவள் உள்ளே எடை போடுகிற இடத்தில் இருந்தாள், முதுகு தெரிந்தது. குனிந்து முன் காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் விரலால் திருகிப் பார்த்தேன். அசையவில்லை. செயின் இரண்டு விரல் தொய்வு. கம்பிகளைத் தட்டிப் பார்த்தேன், எல்லாம் ஒரே சத்தம்.

கடைக்காரர் கேட்டார்: "என்ன மேடம், ஏதாவது கழண்டிருக்கா?"

"இல்ல, எல்லாம் சரியா இருக்கு," என்றேன்.

அவள் திரும்புவதற்குள் மீன் கடைப்பக்கம் நடந்துவிட்டேன்.