பொறைத்தூள் ஒட்டிய சட்டை

அக்கா,

இன்று காலையில் என் மருமகள் உன் சட்டையைத் துவைக்கப் பார்த்தாள். அவள்மேல் தப்பில்லை. மாட்டுக் கொட்டாய் ஆணியில் அழுக்கேறித் தொங்குகிற பழைய ஆம்பளைச் சட்டையை யார் பார்த்தாலும் அதைத்தான் செய்வார்கள். நான் பார்த்தபோது இடக்கை முழுவதும் சோப்புத் தண்ணீரில் முங்கிக் கிடந்தது. ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொண்டேன்.

"என்னாத்துக்கு அத்தை இப்படிப் பதறுறீங்க? நாத்தம் கொடலப் புடுங்குது. நாய் வாடை வேற."

"நாத்தமாவே இருக்கட்டும். இதத் தொடாத."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் சட்டையை மூக்கில் வைத்துப் பார்த்தேன். வலக்கைப் பக்கம் தக்காளிச் செடியின் பச்சை வாடை, வேர்வை, நாய். உன் வெற்றிலை வாடையும் இருந்ததா என்று சத்தியமாகச் சொல்ல முடியவில்லை. இடக்கைப் பக்கம் வெறும் எலுமிச்சை சோப்பு. இந்த வாடையை நம்பித்தான் நம் நாய் கருவாயன் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். சட்டையை வேலிக் கம்பியில் காயப் போட்டுவிட்டு, அது காய்கிற வரைக்கும் உனக்கு எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

உன்னை நீ என்றுதான் எழுத வருகிறது. இந்த வீட்டுக்குச் சின்ன மருமகளாக வந்த புதிதில் வாங்க, போங்க என்றுதான் கூப்பிட்டேன். ஓரகத்தியாக இருந்தாலும் மூத்தவள் அல்லவா? அண்ணன் தம்பி பாகம் பிரித்து வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பிய நாளில், ஓர் ஆட்டுக்கல்லுக்காக நாம் இருவரும் ஊரே வேடிக்கை பார்க்கச் சண்டை போட்டோமே, அன்றைக்குப் போன மரியாதைதான். அடுத்த வாரமே அந்த ஆட்டுக்கல்லில் இரண்டு வீட்டுக்கும் மாவு ஆட்டினோம். சண்டை தீர்ந்தது, ஆனால் என் வாய்க்கு 'நீ' பழகிவிட்டது. நீயும் அதைக் கேட்டுக்கொண்டு சும்மாதான் இருந்தாய்.

கருவாயனைக் கொண்டுவந்தவள் நான். நீ கேட்கிறாயோ இல்லையோ, அதை இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன். பாலக்கோட்டு மண்டியில் தக்காளி இறக்கிவிட்டுத் திரும்பும்போது காலிப் பெட்டிகளுக்கு நடுவே கிடந்தான். முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். ஊர் வந்து சேர்வதற்குள் என் சேலையை நனைத்துவிட்டான். உடம்பெல்லாம் செவலை, வாய் மட்டும் கரி பூசின மாதிரி இருந்ததால் கருவாயன் என்று பேர் வைத்தேன். பால் ஊற்றினேன், உண்ணி பொறுக்கினேன். நடக்கப் பழகியதும் அவன் செய்த முதல் காரியம், சுவருக்கு அடியில் தண்ணீர் போகிற ஓட்டை வழியாக நுழைந்து உன் பக்கம் போனது. நீ அவனுக்கு ராஜா என்று பேர் வைத்துவிட்டாய்.

அதற்குப் பிறகு அவன் நடத்திய வாழ்க்கை உனக்கே தெரியும். சாப்பாட்டுக்கு என் வீடு, படுக்கைக்கு உன் வீடு. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு ஊற்றிய களியை என் வாசலில் தின்றுவிட்டு, நாக்கைச் சுழற்றிக்கொண்டே உன் வாசலில் போய்ப் படுப்பான். கொல்லைக்குக் களையெடுக்கப் போனால் நீ எந்தச் சாலில் உட்கார்ந்தாயோ அந்தச் சால் முனையில்தான் கிடப்பான். சேலைக்கு மேல் சட்டை மாட்டிக்கொண்டு நாம் பத்துப் பேர் குனிந்து வேலை செய்கிற இடத்தில், பின்னாலிருந்து பார்த்தால் பெற்ற பிள்ளைக்கே அடையாளம் தெரியாது. அவன் மட்டும் நேராக நீ மாட்டியிருக்கிற, உன் வீட்டுக்காரர் பெரிய மாமாவின் அந்த நீலச் சட்டையிடம் போய் நிற்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "என்னா மருந்துதான் வெச்ச அவனுக்கு?"

நீ வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னாய்: "அது காலு, அது நடந்து வருது. நானா இழுத்தேன்?"

அந்தச் சிரிப்பை மட்டும் என்னால் மன்னிக்கவே முடிந்ததில்லை.

கடைசியாகத் தர்மபுரி ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோது, நான் காலையில் கிளம்பி இரண்டு பஸ் மாறி வந்து உன் கட்டில் பக்கத்தில் நின்றேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, "அவனுக்குச் சோறு வெச்சியா?" என்று கேட்டாய். வைத்தேன் என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். ரொம்ப நேரம் கழித்துத்தான், "நீ சாப்ட்டியா?" என்றாய். கேட்டாய்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டாவதாகக் கேட்டாய்.

நீ போன பிறகு உன் மகன் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓசூருக்குப் போனான். கருவாயன் உன் கதவடியிலேயே கிடந்தான். ஊருக்கு அதைப் பேசி மாளவில்லை. "பாரு, வாயில்லா சீவனுக்கு இருக்கற பாசத்த" என்று வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் நின்று உச்சுக்கொட்டினார்கள். நான் அழுத அழுகையை யாராவது பேசினார்களா? ஓரகத்தி அழுதால் ஊருக்காக அழுகிறாள் என்பார்கள். நாய் படுத்துக்கொண்டால் அது பாசம்.

அதற்குப் பிறகுதான் அவன் நடவடிக்கை மாறத் தொடங்கியது. உன் கதவில் பூட்டு இருக்கிற பக்கத்தை விட்டுவிட்டுக் கீல் இருக்கிற பக்கம் போய் நின்றான். கதவு அந்தப் பக்கமாகத் திறக்கும் என்று நினைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பான். என் வீட்டுப் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே தலையை விட்டுக்கொண்டு பின்னால் வரத் தெரியாமல் முனகுவான். இருக்கிற இடத்திலேயே மூத்திரம் போனான். பகலெல்லாம் தூக்கம், ராத்திரியெல்லாம் நடை. தின்ற தட்டை உடனே மறந்துவிட்டு மறுபடியும் வந்து நிற்பான், மறுநாள் முழுக்கத் தொடவே மாட்டான். அந்தக் கரிய வாய் சாம்பல் பூத்து வெளுத்துப் போய்விட்டது, கண்ணில் பால் படர்ந்துவிட்டது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன், அக்கா. ஒருநாள் தட்டை நகர்த்தப் போன என் கையைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்த என்னை அவனுக்குத் தெரியவில்லை.

மாட்டாஸ்பத்திரியில் இருக்கிற டாக்டர் பெண் வீட்டுக்கே வந்து பார்த்தது. "வயசான மனுசங்களுக்கு மறதி வருதில்லைங்களா, அதே மாதிரிதாங்க இதுக்கும். சாமான எடம் மாத்தாதீங்க. தட்டு எப்பவும் ஒரே எடத்துல இருக்கட்டும். கண்ணும் போச்சு, காதும் போச்சு, மூக்கு மட்டுந்தான் மிச்சம். திடீர்னு மேல கை வெச்சா பயந்துபோய்தான் கடிக்க வருது."

நான் முக்கியமான கேள்வியைக் கேட்டேன். "எங்கக்கா போன ஏக்கம் இல்லைங்களா?"

"அதும் கொஞ்சம் இருக்கலாங்க. ஆனா இது வயசு."

எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? அன்றைக்குச் சாயங்காலம் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போன இடத்தில் எல்லோரிடமும் சொன்னேன், ஏக்கமெல்லாம் ஒன்றுமில்லை, வயசுதான் காரணமாம் என்று. நோய் முற்றிக் கிடக்கிறவனைப் பற்றி இவ்வளவு சந்தோஷமாகப் பேசுகிறாளே என்று பால்காரர் என்னைப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும்.

ஆனால் நிம்மதியை வைத்துக்கொண்டு அவன் வயிற்றை நிரப்ப முடியாதே. மாத்திரையைக் களி உருண்டைக்குள் வைத்து நீட்டினால் உறுமினான். விலா எலும்பு தெரிந்தது. "பாவம், ஊசியப் போட்டு அனுப்பிச்சிரலாம். எத்தன நாளைக்கு அவஸ்தப்படும்?" என்றார் என் வீட்டுக்காரர். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் என்னை யாரென்று தெரியாமலேயே அவன் போய்விடுவதை என்னால் தாங்க முடியாது. ஒரு தடவையாவது என் கையைத் தெரிந்து அவன் சாப்பிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன்.

அப்போதுதான் அந்த மழை வந்தது. என் வேலைச் சட்டை நனைந்துவிட்டதால், உன் துணிமணியெல்லாம் கொடுத்தபோது கொட்டாயில் விட்டுப்போன இந்த நீலச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டேன். கொல்லைக்குப் புறப்படுமுன் அவனுக்குக் களி வைக்கலாம் என்று உன் வாசலுக்குப் போனேன். கீல் பக்கம் நின்றவன் தலையைத் திருப்பினான். மூக்கைத் தூக்கினான். வால் அசைந்தது. தட்டுத்தடுமாறி வந்து என் முழங்காலில் தலையை வைத்துப் பெருமூச்சு விட்டான். உன்னிடம் மட்டும் செய்வானே, அதே மாதிரி. நீட்டிய உருண்டைகளை ஒன்றுவிடாமல் தின்றான், மாத்திரையோடு சேர்த்து.

களி கிண்டியது நான், கை என் கை. அவன் வால் ஆட்டியது உனக்கு. அன்றைக்கு முழுவதும் களையைப் பிடுங்காமல் தக்காளிச் செடியைப் பிடுங்கினேன்.

வெயில் ஏறியதும் வெற்றிலைக்காகச் சட்டைப்பையில் கைவிட்டேன். பழக்கம்தான். கையில் தூள் தூளாக என்னவோ ஒட்டியது. எடுத்துப் பார்த்தால் பொறை, டீயில் முக்கித் தின்கிற டீக்கடைப் பொறை. "அது காலு, அது நடந்து வருது" என்றாயே! இத்தனை வருஷமும் பையில் பொறையை வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி களையெடுத்திருக்கிறாய். களத்துமேட்டில் உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன். கூட இருந்தவர்கள் பயந்துவிட்டார்கள். சிரித்து முடித்ததும், இதைச் சொல்லிச் சண்டை பிடிக்க நீ இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அப்புறம் சிரிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து இரண்டு வேளையும் உன் சட்டையை மாட்டிக்கொண்டுதான் அவனுக்குச் சோறு. வாடை குறைந்துவிடக்கூடாது என்று நானும் பையில் பொறை போட்டு வைக்கிறேன். போன வாரம் என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "நீயும் ஆரம்பிச்சிட்டியா?" என்று கேட்டார். அவருக்கும் முன்னாடியே தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் யாரும் சொல்லவில்லை.

சட்டை காய்ந்துவிட்டது. போய்விட்டு வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

வந்துவிட்டேன், அக்கா.

வழக்கம் போலக் கீல் பக்கம் நின்றுகொண்டிருந்தான். நான் உட்கார்ந்ததும் இடக்கையை முகர்ந்தான். உதடு மேலே ஏறியது. உறுமினான். போச்சு என்று நினைத்தேன், ஆனால் எழுந்திருக்கவில்லை. அவன் கதவில் ஒரு இடி, சுவரில் ஒரு இடி இடித்துக்கொண்டு என்னைச் சுற்றி வலப்பக்கமாக வந்தான். கைமடிப்பில் மூக்கை வைத்து ரொம்ப நேரம் தேடினான். அப்புறம் முழங்காலில் தலை வந்து விழுந்தது. பெருமூச்சு விட்டான். சாப்பிட்டான்.

அவன் தின்று முடித்துக் கண்ணை மூடியதும், அவன் முகர்ந்த அதே இடத்தில் நானும் மூக்கை வைத்தேன். நன்றாக இழுத்துப் பார்த்தேன். தக்காளி வாடை வந்தது. நாய் வாடை வந்தது. என் வேர்வை வந்தது. நீ வரவில்லை. எத்தனை தடவை இழுத்தும் வரவில்லை. அவனோ நிறைந்த மனத்தோடு தூங்குகிறான். நீ செத்தது அவனுக்கு மறந்துபோய்விட்டது. தினமும் இரண்டு வேளை அவனுக்கு நீ வருகிறாய், எனக்கு வருவதில்லை. இவ்வளவு காலம் அவனை வைத்து உன்மேல் பட்ட பொறாமையெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை, அக்கா. அந்தக் குருட்டு நாயின்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து போய்விடலாமா என்றுகூட இருந்தது.

போகவில்லை. அவன் தலையின் கனம் காலில் இருந்தது. இந்தச் சட்டையை இனி யார் துவைக்கவும் விடமாட்டேன். களையெடுக்கவும் இதையேதான் போட்டுக்கொண்டு போவேன். உன் சாலில்தான் உட்காருவேன்.

கொஞ்ச நேரம் கழித்து, அவன் காதோரம் குனிந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக நீ வைத்த பேரைச் சொல்லி அவனைக் கூப்பிட்டேன். "ராஜா, அக்கா இருக்குதாடா?" என்று கேட்டேன். அவனுக்குத்தான் காது கேட்காதே என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது.

தூக்கத்திலேயே வாலைத் தரையில் தட்டினான்.